லாபம், ரெண்டு

எங்கள் நிலத்து மருந்து பாட்டில் எங்கே இருக்கிறது என்பது எனக்கு எந்த நேரமும் தெரியும். சாவியை வைத்த இடம் மறந்துவிடும். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுவேன். ஆனால் மோட்டார் கொட்டகையில், கதவுக்கு எதிர்ச் சுவரில், உயரத்து ஆணியில், ஓர் உரச்சாக்குக்குள் இரண்டு பாட்டில் தொங்குகிறது, ஒன்று முழுசு, ஒன்று பாதிக்குக் கொஞ்சம் கீழே என்பதை எப்போது கேட்டாலும் சொல்வேன். "பாங்கு லாக்கருக்குக்கூட இவ்ளோ காவல் இல்லம்மா" என்று மகள் கிண்டல் செய்வாள். செய்யட்டும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் அரண்டவள்தான். எதனால் அரண்டேன் என்பதைப் போன ஐப்பசி வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை, வீட்டுக்காரரிடம்கூட.

எங்கள் பக்கம் எல்லாமே மருந்துதான். காய்ச்சலுக்கு டாக்டர் எழுதித் தருவது மருந்து. மாட்டுப் புண்ணில் தடவுவது மருந்து. புழுவுக்கு அடிப்பதும் களைக்கு அடிப்பதும் மருந்து. "மருந்து குடிச்சியா?" என்று ஒருவரைப் பார்த்துக் கேட்டால் அது அக்கறை. "மருந்து குடிச்சிட்டாராமே" என்று அவர் இல்லாத இடத்தில் சொன்னால், அந்த வீட்டு வாசலில் பந்தல் போடப் போகிறார்கள் என்று அர்த்தம். விஷம் என்ற சொல்லை நாங்கள் பாம்புக்கும் தேளுக்கும் மட்டும் வைத்திருக்கிறோம். காசு கொடுத்து வாங்கி வருவதைப் போய் எப்படி விஷம் என்பது?

எங்களுக்கு இருப்பது ஒரு காணி, ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. வடக்கனந்தலுக்கு மேற்கே, கல்வராயன் மலை தலைக்கு மேலே நிற்கிற இடம். நான் பிறந்த வீட்டுக்கு அதுவும் கிடையாது. அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போனவர்கள். கூலி தானியமாகத்தான் வரும். களத்தில் அளக்கிறவர் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார். "லாபம்" என்பார். பிறகு ரெண்டு, மூணு. இது எல்லா ஊரிலும் இருந்த வழக்கம்தான். என் அம்மா அதற்கு மேலே தன் பங்குக்கு ஒரு சட்டம் வைத்திருந்தாள். லாபம் தனியாக நிற்கக் கூடாது. ஒரே ஒரு படி அரிசியை உலையில் போட்டாலும், "லாபம்" என்று போட்டுவிட்டு, ஒரு கை அரிசியை அள்ளி "ரெண்டு" என்று மேலே போட்டால்தான் அவளுக்கு மனசு ஆறும். அந்த ஒரு கை அரிசிதான் வீட்டைப் பசியிலிருந்து காப்பாற்றுகிறது என்று நம்பினாள். எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. உப்பைக்கூட அப்படித்தான் போடுவேன். என் குழம்பு கரிக்கும் என்று புகுந்த ஊரில் எனக்கு ஒரு பேர் உண்டு.

எனக்கு வாய்த்த மனிதருக்குப் பயம் என்பதே கிடையாது. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். அவர் வாலைப் பிடித்துத் தூக்கி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போடுவார். மோட்டாரில் ஷாக் அடித்தால் கையை உதறிவிட்டுச் சிரிப்பார். அதனால் வீட்டுக்கு வேண்டிய பயம் மொத்தத்தையும் நான் ஒருத்தியே பட வேண்டியிருந்தது.

நான் கல்யாணமாகி வந்தபோது அந்தக் காணியில் கம்பும், மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் போட்டுக்கொண்டிருந்தார்கள். களையைக் கையால் எடுத்தோம். எருவைக் கூடையில் சுமந்து கொட்டினோம். பூச்சி வந்தால் சாம்பல் தூவுவோம், வேப்பங்கொட்டையை இடித்துக் கரைத்து விளக்குமாற்றில் நனைத்துத் தெளிப்போம். பாதிப் பூச்சி சாகும், மீதிப் பாதி எங்களைப் பார்த்துச் சிரிக்கும். அதெல்லாம் பொற்காலம் என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் எனக்குக் கோபம் வரும். விளையாத வருஷங்களில் கூழுக்கே கேழ்வரகு இல்லாமல் படுத்திருக்கிறோம். அதனால்தான் மருந்து வந்தபோது ஊரே இரண்டு கையையும் நீட்டி வாங்கியது. நாங்களும் வாங்கினோம்.

அப்புறம் பருத்தி வந்தது, பருத்திக்குப் பின்னாலேயே காய்ப்புழு வந்தது. காயில் ஒரு ஓட்டை தெரியும். பிரித்துப் பார்த்தால் பச்சையாக ஒரு புழு, தலையை உள்ளே விட்டுக்கொண்டு, உடம்பைப் பாதி வெளியே தொங்கவிட்டுத் தின்றுகொண்டிருக்கும். முந்தின வருஷம் பாதிக் காட்டை அதற்கே கொடுத்திருந்தோம். இந்த வருஷமும் போனால் காணியை விற்றுவிட்டு, நான் பிறந்த வீடு போலக் கூலிக்குப் போக வேண்டியதுதான். அப்போது மகளுக்கு ஒரு வயசு. கூலிக்குப் போகிற வீட்டில் பிள்ளை எப்படி வளரும் என்பது எனக்குத் தெரியும்.

வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சியில் மருந்து வாங்கினார். "டேங்குக்கு ஒரு மூடி" என்று கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பாட்டிலில் எறும்பு ஊர்வது போலப் பொடி எழுத்து. நான் எட்டாவது படித்தவள், உட்கார்ந்து படித்திருக்கலாம். படிக்கவில்லை. மண்டையோட்டுப் படம் மட்டும் கண்ணில் பட்டது. "இன்னாங்க இது?" என்றேன்.

"கரண்டு கம்பத்துலகூடத்தான் மண்டையோடு போட்டுக்கீறான். அதுக்குன்னு வூட்ல லைட்டு போடாமயா கீறோம்?" என்றார்.

கார்த்திகை மழை விட்டு வெயில் வந்த ஒரு காலை. நிலத்தின் ஓரத்தில் இருக்கிற வேப்பமரத்தில் தூளி கட்டி மகளைப் போட்டேன். மரத்தடியில்தான் டேங்கு. முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு கையால் அடித்துக்கொண்டே போகிற தெளிப்பானைத்தான் டேங்கு என்போம். அது ஒன்றரைக் குடம் தண்ணீர் பிடிக்கும். நான் முதலில் ஒரு குடம் ஊற்றி, மருந்தை ஊற்றிக் குச்சியால் கலக்கிவிட்டு, மீதி அரைக் குடத்துக்குக் கிணற்றுக்குப் போவேன். வந்து ஊற்றியதும் அவர் முதுகில் ஏற்றிக்கொள்வார்.

முதல் டேங்கிலேயே என் கை சும்மா இருக்கவில்லை. "லாபம்" என்று ஒரு மூடி ஊற்றினேன். லாபம் தனியாக நிற்கக் கூடாதே. அவர் பக்கம் பார்த்தேன், பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். "ரெண்டு" என்று வாய்க்குள்ளேயே சொல்லி இன்னொரு மூடி ஊற்றினேன். புழு சாகட்டும், எங்கள் காணி பிழைக்கட்டும் என்றுதான். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன். இப்படியே ஒவ்வொரு டேங்குக்கும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது எனக்கும் தெரியும், பள்ளிக்கூடத்தில் எழுதியிருக்கிறேன். கையில் மூடி இருக்கும்போது அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

டேங்கின் வாய்மூடியில் வாஷர் தேய்ந்துபோயிருந்தது. அவர் குனிந்து நிமிரும்போதெல்லாம் மருந்து கழுத்துக்குப் பின்னால் வழிந்து முதுகில் இறங்கியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூக்கில் ஒரு துண்டு கட்டியிருந்தார், அதுவும் நனைந்து போனது. மலையோரத்தில் காற்றுக்கு ஒரே பேச்சு கிடையாது. போகும்போது முதுகில் வீசும், திரும்பும்போது முகத்தில் வீசும். நடுவில் அந்தக் கையோடேயே இன்னொரு பீடி பிடித்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

உச்சிப் பொழுதில் வரப்பில் உட்கார்ந்தார்.

"ஏய், இந்தா. கண்ணு மங்கிக்கினு வர்து" என்றார்.

"வெயிலுதாங்க. எழுந்து நெழலுக்கு வாங்க" என்றேன்.

எழுந்திருக்கவில்லை. கிட்டே போனேன். குளித்துவிட்டு வந்த ஆள் போல வேர்த்திருந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கத் தெரியவில்லை. ஆடுசதை தன்னாலேயே துடித்தது. கத்தினேன். தூளியில் இருந்த குழந்தை எழுந்து கத்தியது. பக்கத்துக் காட்டுக்காரர் மொபெட்டை எடுத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்காரரை நடுவில் உட்காரவைத்து, பின்னால் நான் கட்டிப் பிடித்துக்கொண்டு, குழந்தையை அங்கே களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கையில் போட்டுவிட்டுப் போனேன். கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரி போய்ச் சேரும் வரைக்கும் அவர் எச்சில் என் கையில் வழிந்துகொண்டே இருந்தது. அதிலும் அந்த மருந்து வாசனைதான் அடித்தது.

டாக்டர் ஒரு பெண். டார்ச் அடித்து அவர் கண்ணைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கண்மணி கடுகு அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"மருந்து குடிச்சாரா, அடிச்சாரா?" என்று டாக்டர் கேட்டார்.

"அடிச்சார்ங்க."

"உண்மையச் சொல்லும்மா. வீட்ல ஏதாவது சண்டையா?"

"இல்லீங்க டாக்டரம்மா. பருத்திக்கு அடிச்சார்ங்க. டேங்கு முதுவுல ஒழுவுதுங்க."

"எத்தனை மூடி கலந்தீங்க?"

இந்த இடத்தைத்தான் இத்தனை வருஷமாக விழுங்கிக்கொண்டிருந்தேன். "ஒரு மூடிங்க" என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் தன்னாலேயே சொல்லிவிட்டது. புருஷனுக்கு மருந்து வைத்தவள் என்று எழுதிவிடுவார்கள், போலீஸ் வரும், பிள்ளையை யார் வளர்ப்பது என்று அந்த ஒரு நொடியில் எல்லாம் தலைக்குள் ஓடியது. டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டார். சட்டையைக் கிழித்து எடுத்து, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, ஊசி மேல் ஊசி போட்டார்கள்.

நான் சுவரோரம் உட்கார்ந்தேன். ஒரு மூடிக்கு உண்டான ஊசியைப் போடுகிறார்கள், உள்ளே போனது ரெண்டு மூடி, பாதி விஷம் உடம்பிலேயே நின்றுவிடப் போகிறது என்று என் புத்தி கணக்குப் போட்டது. அப்படியெல்லாம் மூடிக்கு மூடி கணக்கு வைத்து ஊசி போடுவதில்லை, கண்மணியையும் வாயில் ஊறும் எச்சிலையும் பார்த்துப் பார்த்துத்தான் போடுவார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு யார் சொல்வது? எழுந்து போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நர்ஸிடம் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்து "இன்னாம்மா?" என்றார். "தண்ணி குடுக்கலாங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். கோழைத்தனம் என்றால் அதுதான். மூன்று தடவை எழுந்து போனேன். மூன்று தடவையும் தண்ணீரைப் பற்றித்தான் கேட்டேன்.

மறுநாள் காலை அவருக்குப் புத்தி பேதலித்துப் போயிருந்தது. ஊசியின் வேகம், இறங்கிவிடும் என்றார்கள். கையைத் தூக்கிக் காற்றில் எதையோ பறித்துப் பறித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தார். பருத்தி பறிக்கிற கை. முகம் காய்ந்து சிவந்து, கண்மணி இப்போது கோலிக்குண்டாக விரிந்திருந்தது. என்னைப் பார்த்தார், என்னை யாரென்று தெரியவில்லை. உதடு மட்டும் அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"ரெண்டு" என்றார். "ரெண்டு... ரெண்டு..."

பார்த்துவிட்டார். பீடி பற்றவைத்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறார். நான் ஊற்றியது அவருக்குத் தெரியும். செத்தாலும் பிழைத்தாலும் அந்தக் கணக்கு அவரிடம் இருக்கிறது. அவர் வாயைப் பொத்தினேன். ஆமாம், சாகக் கிடக்கிற மனிதரின் வாயை, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்டுவிடுமோ என்று, என் முந்தானையால் பொத்தினேன்.

பிழைத்தார். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அதற்குள் ஊர் ஒரு கதையைக் கட்டி வைத்திருந்தது. "மருந்து குடிச்சிட்டாராமே, அவ வாய்க்குப் பயந்து" என்று. அவர் காதுக்கும் வந்தது. "நானா குடிக்கறதா இருந்தா இவளுக்கு வெக்காமயா குடிப்பேன்?" என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் அந்த ரெண்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது மன்னிப்பா, மறதியா என்று எனக்குத் தெரியவில்லை. ஏதோ ஒரு சண்டையில், கோபத்தில், பிள்ளைக்கு எதிரே அது வெளியே வந்துவிடும் என்று முப்பது வருஷம் காத்திருந்தேன். வரவில்லை. புருஷன் கண்ணைப் பார்த்தேதான் பேசுவாள் என்று என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். நான் கண்மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து நான் எதையும் லாபம் என்று எண்ணுவதில்லை. ஒண்ணு என்றுதான் ஆரம்பிப்பேன்.

நான் பயந்தேன் என்பதற்காக விவசாயம் நின்றுவிடுமா? பருத்தி போய் மக்காச்சோளம் வந்தது. கைடேங்கு போய் பெட்ரோல் மோட்டார் வைத்த டேங்கு வந்தது, அது இரைச்சலோடு புகை போல அடித்தது. களை மருந்து வந்தது. முதல் தடவை அடித்த மறுவாரம் போய்ப் பார்த்தேன், சோளம் மட்டும் பச்சையாக நிற்க, கீழே இருந்த புல்லெல்லாம் சுட்டது போலக் கருகிக் கிடந்தது. எனக்கு அது நல்லதாகப் படவில்லை. இதில் எது களை என்று மருந்துக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அன்றைக்கு என் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்ட அந்தக் களையெடுக்கிற பெண்ணுக்கு அதோடு எங்கள் பக்கம் வேலை நின்றது. கள்ளக்குறிச்சியில் ஒரு கடையில் கூட்டிப் பெருக்கப் போனாள். விதையே சிவப்பு மருந்து பூசி வரத் தொடங்கியது. கையில் எடுத்தால் குங்குமம் போல ஒட்டும். கோழிகளைக் கூடையில் மூடிவிட்டுத்தான் விதைப்பேன்.

மலையாவது தப்பித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் அம்மாவோடு சாமை அறுக்க மேலே போயிருக்கிறேன். போன தை மாசம் ஒரு துக்கத்துக்குப் போக வேண்டி வந்தது. பஸ்ஸில் வளைந்து வளைந்து ஏறும்போது பார்த்தால், சரிவு சரிவாக மக்காச்சோளம் அறுத்த தட்டை, ஓரத்தில் எல்லாம் கருகிய புல். துக்க வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம், இங்கேயும் களை மருந்தா என்று கேட்டேன்.

"கீழ நீங்க அடிக்கறதப் பாத்துத்தான் கத்துக்கினோம்" என்றாள்.

"டேங்குக்கு எவ்ளோ ஊத்தறீங்க?"

"ஒரு மூடின்னுதான் சொன்னாங்க. நாங்க கொஞ்சம் சேத்து ஊத்துவோம்."

அந்தச் சரிவில் பெய்கிற மழைதான் கோமுகி ஆற்றில் இறங்கி வருகிறது. என் கிணற்றில் ஊறுவதும் அந்தத் தண்ணீர்தான். இறங்கும்போது பஸ்ஸில் தாகம் எடுத்தது, பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடி வைத்தேன்.

மகள் இப்போது கள்ளக்குறிச்சியில் வேலை பார்க்கிறாள். அவள்தான் ட்ரோன் வைத்து மருந்து அடிக்கலாம் என்றாள். சோளத்துக்குப் படைப்புழு வந்து குருத்தையெல்லாம் சல்லடையாக்கியிருந்தது. அப்பாவுக்கு எழுபதாகப் போகிறது, டேங்கைத் தூக்க முடியாது என்றாள். போனில் படம் காட்டினாள். இனிமேல் வரப்போகிற மிஷின் தானே பறந்து, எந்தச் செடியில் புழு இருக்கிறது என்று தானே பார்த்து, அந்தச் செடிக்கு மட்டும் ஒரு சொட்டு விட்டுவிட்டுப் போய்விடுமாம். "மனுசன் கையே படாதும்மா. நீ நிம்மதியா இருக்கலாம்" என்றாள். எனக்கு நிம்மதி வரவில்லை. வீட்டுக்காரர் கையை நான் பார்த்துக்கொண்டிருக்கலாம். வானத்தில் போகிறதை யார் பார்த்துக்கொண்டிருப்பது? தப்பு செய்தால் அதன் கண்மணியில் தெரியுமா?

ஐப்பசியில் ஒருநாள் காலை ஒரு பெண் வந்தாள், திருக்கோவிலூர்ப் பக்கத்துக்காரி. பயிற்சி எடுத்துக்கொண்டு ட்ரோன் ஓட்டுகிறவள். கையுறை, முகமூடி எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தாள். முந்தின நாளே நான் மாட்டை ஓட்டி வேறு இடத்தில் கட்டிவிட்டேன். கொடியில் இருந்த துணியை எடுத்தேன். கிணற்றுக்குத் தார்ப்பாய் போட்டு மூடினேன். அவள் பார்த்துச் சிரித்தாள்.

"பயப்படாதீங்கம்மா. ஒரு வாளித் தண்ணிதான் முழுக் காணிக்கும்" என்றாள்.

"ஒரு வாளியா? நாங்க பத்துப் பதினஞ்சு டேங்கு அடிப்போமே."

"மருந்து அதே அளவுதாங்க. தண்ணிதான் கம்மி."

அத்தனை டேங்குக்கும் உண்டான மருந்து ஒரே வாளியில். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். கோடு போட்ட குவளையில் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து அளந்து, அதே வேப்பமரத்தடியில் வாளியில் கலந்தாள். ஒரு சொட்டுக்கூடக் கூடவில்லை. அது மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. "தோ, நாலு மூலையும் நடந்து அளந்துட்டு வந்துடறேன்" என்று சொல்லி, கையில் ரிமோட்டோடு வரப்பில் போனாள். வீட்டுக்காரர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நான் கை கழுவ சோப்பு எடுத்துவர மோட்டார் கொட்டகைக்குப் போனேன். உரச்சாக்கைப் பார்த்தேன். அரைப் பாட்டில் அதில் இல்லை.

திரும்பினேன். அவர் வாளியின் மேல் குனிந்திருந்தார். கையில் மூடி. திருடன் போல வரப்பை ஒருதரம் பார்த்துக்கொண்டார். மூடி சாய்ந்தது. மறுபடி நிரப்பினார். உதடு அசைந்தது. அத்தனை தூரத்திலிருந்தும் அது என்ன சொல் என்று எனக்குத் தெரிந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். மூடியில் இருந்தது பாதி வாளியிலும் பாதி என் கையிலும் விழுந்தது.

"உங்களுக்கு இன்னா பைத்தியமா?" என்று கத்திக்கொண்டே கையில் சோப்பைத் தேய்த்தேன்.

"கத்தாத. புழு ஜாஸ்தியா கீது. ஒரு மூடி சேத்து ஊத்தினா இன்னா ஆயிடும்?"

"அந்தப் பொண்ணு அளந்து ஊத்திட்டுப் போயிருக்குது!"

"அவ ஊத்தினது அளவுக்கு. இது மனசுக்கு." பிறகு சிரித்தார், சின்னத் திருட்டு பிடிபட்ட பிள்ளை போல. "உனுக்கு ஒண்ணு தெரியுமா? அன்னிக்கிப் பருத்திக்கு அடிச்சமே, அன்னிக்கும் டேங்குக்கு ஒரு மூடி நான் சேத்துத்தான் ஊத்தினேன். நீ பயந்தாங்கொள்ளி, சொன்னா ஊத்த வுட மாட்ட. நீ கொடத்த எடுத்துக்கினு கெணத்துக்குப் போனதும் ஊத்திடுவேன். லாபம் தனியா நிக்கக் கூடாதுன்னு உங்க அம்மா சொல்லுவாங்களே, நீ லாபம் ஊத்தின, நான் ரெண்டு. இன்னா, செத்தா பூட்டேன்?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் எண்ணியது என் மூடியை அல்ல. அவருடைய மூடியை. நான் பொத்தி மறைத்தது அவருடைய ரகசியத்தை. முப்பது வருஷம் நான் பயந்தது வேறு ஏதோ ஒன்றுக்கு. பயப்பட வேண்டியது பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

அந்தப் பெண் திரும்பி வந்தாள். வாளியைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள்.

"ஐயா, இதுல எதனா ஊத்தினீங்களா?"

"ஒண்ணும் ஊத்தலம்மா" என்றார் அவர். யோசிக்கவே இல்லை. நான் அன்றைக்குச் சொன்னேனே, அதே வேகம்.

"ஊத்தினார்மா" என்றேன். "ஒண்ணரை மூடி. இத்த பறக்க வுடாத." பிறகு அவர் பக்கம் திரும்பினேன். இதை இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. "அன்னிக்கி நானும் ஊத்தினேங்க."

"இன்னா ஊத்தின?"

"டேங்குக்கு ரெண்டு மூடி. உங்களுக்குத் தெரியாம. டாக்டரம்மாகிட்ட ஒண்ணுன்னு சொன்னேன்."

அவர் முதலில் சிரிக்கப் போனார். பிறகு சிரிப்பு நின்றது. விரலை மடக்கினார்.

"லாபம், ரெண்டு" என்றார். மூன்றாவது விரல் மடங்காமல் நின்றது. "அப்போ மூணா?"

"மூணு."

தலையைத் தூக்கி வேப்பமரத்துக் கிளையைப் பார்த்தார்.

"தூளி இந்தக் கெளையிலதான கட்டியிருந்தோம்?"

"ஆமாங்க."

"கொழந்த இங்கதான இருந்தா?"

அவர் கண்ணைப் பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதில் பயத்தைப் பார்த்தேன். என் பயத்தில் பாதியை யாராவது வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன். வாங்கிக்கொண்டபோது, ஐயோ, வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றுதான் இருந்தது.

"அம்மா, இந்த வாளிய எங்க ஊத்தறது?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

ஒரு பக்கம் கிணறு. ஒரு பக்கம் வாய்க்கால். ஒரு பக்கம் அடுத்தவர் காடு. மூன்று பேரும் சுற்றிலும் பார்த்தோம். பாம்பை வாலைப் பிடித்துத் தூக்குகிற மனிதர், அந்த வாளியிலிருந்து இரண்டு அடி பின்னால் போய் நின்றார்.